உலகத் தாய்த்தெய்வங்கள் எல்லாம் ஒருத்திதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்த்தெய்வ வழிபாட்டின் தோற்றம் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஏறத்தாழ இதே ஐயங்கள்தாம் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திரும்பச் சொல்லாமல் எண்ணைக் குறித்திருக்கிறோம். அதனால் முதல் மூன்று கேள்விகளை வரிசையாகப் படித்துவிட்டு மேலே போவது நல்லது.

1. தாய்த்தெய்வம்னா என்ன? பெண் தெய்வம் எல்லாமே தாய்த்தெய்வம்தானே?

இல்லை. பெண் தெய்வம், பிள்ளை பெற்ற தெய்வம், பேறுகாலம் காக்கும் தெய்வம், விளைச்சல் தரும் தெய்வம், நிலத்தையே உடலாகக் கொண்ட தெய்வம் என்று இவை வேறு வேறு. ஒருத்தியிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கலாம். எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த சுமேரியாவின் நின்ஹுர்சாக் பிறப்புக்கு உரியவள். அவளுக்கு 'பிறப்பின் தலைவி' என்ற பொருளில் நின்டு என்றும் பெயர் உண்டு. அதே நாட்டில் ஊருக் நகரத்து இனன்னா காதலுக்கும் போருக்கும் உரியவள். சுமேரியரின் அண்டை மக்களான அக்காதியர் இஷ்தார் என்று அழைத்தது இவளைத்தான். தாய்மை இவளுடைய முதன்மைக் குணம் அன்று.

'பூமி என்றாலே தாய்தான்' என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எகிப்தில் நிலம் ஆண். அவன் பெயர் கெப். வானம் பெண், அவள் பெயர் நூட். அவள் உடலை வளைத்து அவன்மேல் கவிந்து நிற்கும் காட்சி எகிப்திய ஓவியங்களில் பலமுறை வருகிறது.

தமிழிலிருந்தே ஒன்றைப் பார்க்கலாம். திருமுருகாற்றுப்படை முருகனைக் 'கொற்றவை சிறுவ' என்றும் 'பழையோள் குழவி' என்றும் விளிக்கிறது. அங்கே அவள் தாய். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியிலோ எயினர் அவளிடம் வேண்டுவது ஆநிரை கவர்வதில் வெற்றி. பிள்ளை வரம் அங்கே பேச்சில் இல்லை. ஒரே பெயருக்குள் இரண்டு முகங்கள். ஆகவே ஒருத்தியைத் தாய் என்று எழுதுமுன் அவளைத் தாய் என்று அழைத்தவர் யார், எந்த நூலில், எப்போது என்று பார்க்க வேண்டும்.

2. உலகத்திலேயே ரொம்பப் பழைய தாய்த்தெய்வச் சிலை எது?

மிகப் பழைய பெண்ணுருவம் எது என்று கேட்டால் பதில் உண்டு. ஜெர்மனியின் தென்மேற்கில் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008-இல் கிடைத்த மாமூத் (பனியுக யானையினம்) தந்தச் சிற்பம். உயரம் 6 செ.மீ.தான்; வயது 35,000 முதல் 40,000 ஆண்டுகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வளையம் செதுக்கப்பட்டிருக்கிறது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

பலருக்கும் பழக்கமான வில்லென்டார்ஃப் பெண்ணுருவம் அதைவிட இளையது. ஆஸ்திரியாவில் 1908-இல் கிடைத்தது. 11 செ.மீ. உயரம், சுண்ணாம்புக்கல், மேலே செங்காவி பூசிய தடம், ஏறத்தாழ 30,000 ஆண்டு வயது. முகம் இல்லை, பாதங்கள் இல்லை. தரையில் நிறுத்தினால் நிற்காது. உள்ளங்கையில் அடக்கிப் பிடிக்க ஏற்ற உருவம். இவை தெய்வங்களா என்பது அடுத்த கேள்வி.

3. எழுத்தே இல்லாத காலம். பொம்மையா சாமியான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க?

உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. கிடைத்த இடத்தை வைத்துத்தான் ஓரளவு சொல்லலாம். ஓர் உருவம் மேடைமேல் இருந்ததா, சுவர்மாடத்தில் இருந்ததா, பிணத்தோடு புதைக்கப்பட்டதா, அடுப்பங்கரையிலா, குப்பைக்குழியிலா? அதைச் சுற்றிப் படையல் போட்ட தடயம் உண்டா? அதே வகை இடத்தில் அதே வகை உருவம் மீண்டும் மீண்டும் கிடைக்கிறதா? உடைந்திருந்தால் தானாக உடைந்ததா, வேண்டுமென்று உடைத்ததா? இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டுமானால் எந்த மண்ணடுக்கில் எடுத்தார்கள் என்ற குறிப்பு வேண்டும். புகழ்பெற்ற பழைய உருவங்கள் பல 19, 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவசரமாகத் தோண்டியவை. அந்தக் குறிப்பு இல்லாததுதான் இத்துறையின் பெரிய இழப்பு.

தெய்வம் என்பதற்கு மாற்றாக வேறு விளக்கங்களும் உண்டு: பேறுகாலத் தாயத்து, குழந்தையின் விளையாட்டுப் பாவை, பூப்பெய்திய பெண்ணுக்குக் கற்பிக்கும் கருவி, இறந்தவரின் நினைவுரு. கர்ப்பிணி குனிந்து தன் உடலைத் தானே பார்க்கும்போது தெரியும் வடிவமே இது என்று 1996-இல் லெராய் மெக்டர்மட் என்ற ஆய்வாளர் வாதிட்டார். பருத்த மார்பும் வயிறும், சிறுத்துப்போன கால்களும், முகமின்மையும் அந்தக் கோணத்தில் பொருந்துகின்றன. அதற்கும் முன்பு, 1960-களில், தொல்லியலாளர் பீட்டர் அக்கோ எகிப்து, கிரேட் தீவு உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஆண் பெண் அடையாளமே இல்லாதவை அவற்றில் ஏராளம் என்று காட்டினார். அவற்றையும் சேர்த்தே முந்தைய ஆய்வாளர்கள் 'தாய்த்தெய்வம்' என்று எண்ணியிருந்தார்கள்.

வழிபாட்டுக்குச் சற்று நெருங்கி வருவது பிரான்சின் லோசெல் புடைப்புருவம். பாறையில் செதுக்கிய, ஏறத்தாழ அரை மீட்டர் உயரப் பெண். கையில் காட்டெருமைக் கொம்பு. கொம்பில் 13 கீறல்கள். கையில் எடுத்துப்போகும் பாவை இல்லை இது. ஆட்கள் அதனிடம் வந்து நின்றிருக்க வேண்டும். 13 கீறல்களை நிலவுக் கணக்கு என்பார்கள், அது ஊகம்.

4. பிரான்சுலேருந்து சைபீரியா வரைக்கும் ஒரே மாதிரி உருவம் கிடைக்குதாமே? அப்போ ஒரே மதம்தானே?

ஒரே கைப்பழக்கம் என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். ஏறத்தாழ 30,000 முதல் 22,000 ஆண்டுகளுக்கு முன், மாமூத் வேட்டையாடிய மக்களிடையே இந்தப் பாவைகள் பரவின. பொருள்களும் கைமாறின. வில்லென்டார்ஃப் கல்லை நுண்கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தவர்கள், அது பெரும்பாலும் வட இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கத்துக் கல் என்று 2022-இல் அறிவித்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் புறத்திலிருந்து யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் சைபீரியாவின் மால்தாவில் கிடைத்தவற்றில் பல ஒல்லியானவை. சிலவற்றில் குளிருக்கான மேலாடை செதுக்கப்பட்டிருக்கிறது. செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயில் கிடைத்தது களிமண்ணைச் சுட்டது. அங்கே சுடுமண் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. செய்யும் பொருளும் வடிவமும் இவ்வளவு மாறும்போது, நம்பிக்கை மட்டும் மாறாமல் இருந்தது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அது இல்லை. மேலும், இந்தப் பாவைகள் ஓய்ந்த பிறகு உழவர்களின் சுடுமண் பாவைகள் வருவதற்குள் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பனியுகப் பெண்ணை உழவுக்காலப் பெண்ணோடு நேராக முடிச்சுப் போடுபவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

5. துருக்கியில சிங்காசனத்துல உட்கார்ந்து பிள்ளை பெறுற அம்மன் சிலை இருக்கே, அது தெய்வம் இல்லாம வேறென்ன?

கொன்யா சமவெளியில் உள்ள பழைய உழவர் ஊரான சாட்டல்ஹோயூக்கின் உருவத்தைத்தான் சொல்கிறீர்கள். ஏறத்தாழ கி.மு. 6000. பருத்த பெண் அமர்ந்திருக்கிறாள். இரு கைகளும் இரு பூனையின விலங்குகளின் தலைமேல். 1961-இல் ஜேம்ஸ் மெல்லார்ட் கண்டெடுத்தார். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: படங்களில் காணும் அந்தத் தலை இக்காலத்தில் ஒட்டியது. எடுத்தபோது தலை இல்லை. கிடைத்த இடம் தானியக் குதிர். குதிருக்குள் வைத்தது விளைச்சல் காக்கவா, ஒளித்து வைக்கவா, எறிந்தபோது விழுந்ததா என்று இன்றும் வழக்கு இருக்கிறது. கால்களுக்கிடையே தெரிவது குழந்தையின் தலை என்பதும் ஒரு வாசிப்புத்தான்.

1993 முதல் இயன் ஹோடர் தலைமையில் நடந்த அகழாய்வு இன்னும் நிதானமானது. அங்கே கிடைத்த ஏறத்தாழ 2,000 சிற்றுருவங்களில் பெரும்பகுதி ஆடு, மாடு போன்ற விலங்குகள். பெண் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. பெரும்பாலானவை வீட்டுக் கழிவோடு குப்பையில் கிடந்தன. ஓர் உருவத்தில் முன்பக்கம் மார்பும் வயிறும் பருத்த பெண், பின்பக்கம் எலும்புக்கூடு. கழுத்தில் தலையை மாட்டிக் கழற்றத் துளை. பிறப்பையும் இறப்பையும் ஒரே களிமண்ணில் பிசைந்திருக்கிறார்கள். 'வளமைத் தாய்' என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடைத்தால் இழப்பு நமக்குத்தான்.

6. அந்தக் காலத்துல பெண்கள்தான் ஆண்டாங்க, அதனாலதான் பெண் தெய்வம்னு சொல்றாங்களே?

இதைப் பரப்பியது யோஹான் யாக்கோப் பாகோஃபென் 1861-இல் எழுதிய 'தாயுரிமை' நூல். அவர் ஆதாரமாகக் கொண்டவை கிரேக்க, ரோமானியப் பழங்கதைகள். முறையான அகழாய்வு அப்போது தொடக்க நிலையில்தான் இருந்தது.

தெய்வம் பெண் என்பதால் ஊரில் பெண்ணுக்கு அதிகாரம் இருந்தது என்று ஆகாது. ஏதென்ஸ் நகரமே அதீனாவின் பெயரில் நின்றது. அங்கே பெண்ணுக்கு மக்கள் மன்றத்தில் வாக்கு இல்லை. மறுபக்கம், சாட்டல்ஹோயூக்கில் வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்ட 130-க்கும் மேற்பட்டோரின் மரபணுவை ஆராய்ந்து 2025-இல் வெளியான முடிவு கவனிக்கத்தக்கது. ஒரே வீட்டில் புதைந்தவர்கள் தாய்வழியில் உறவினராக இருந்தார்கள். பெண் குழந்தைகளின் குழிகளில் பொருள்கள் கூடுதல். தாய்வழி உறவுக்கு இது நல்ல சான்று. தாய்வழி உறவு வேறு, பெண்ணாட்சி வேறு. தாய்த்தெய்வ வழிபாடு மூன்றாவது விஷயம். மூன்றுக்கும் தனித்தனிச் சான்று தேட வேண்டும்.

7. மரியா கிம்புட்டாஸ் சொன்னதை மரபணு ஆய்வு நிரூபிச்சிடுச்சாமே?

பாதியை. லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தொல்லியலாளர் கிம்புட்டாஸ் இரண்டு கருத்துகளைச் சொன்னார். ஒன்று, கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மேட்டுக் கல்லறைகள் எழுப்பிய மக்கள் கிரேக்கம், லத்தீன் போன்ற இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது. கி.மு. 3000-ஐ ஒட்டிப் பெரும் குடிபெயர்வு நடந்ததை 2015-இல் தொல்மரபணு காட்டியது. அவருடைய கருத்தை நெடுநாள் மறுத்துவந்த தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூவே பின்னர் அதை ஏற்றுப் பேசினார்.

இரண்டாவது, அவர்கள் வருமுன் ஐரோப்பா முழுதும் ஒரே பெருந்தேவியை வணங்கிய அமைதியான சமூகமாக இருந்தது என்பது. எலும்பிலிருந்து எடுக்கும் மரபணு யார் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும். எதைக் கும்பிட்டார் என்று சொல்லாது. உழவுக்கால ஐரோப்பாவில் கோட்டைச் சுவர்களும், மொத்தமாகக் கொல்லப்பட்டுப் புதைந்தவர்களின் குழிகளும் கிடைத்திருப்பதால் 'அமைதி' என்ற பகுதி பலமிழந்துவிட்டது. முதல் கருத்துக்குக் கிடைத்த பெருமையை இரண்டாவதற்குக் கடன் கொடுக்கக் கூடாது. அதேசமயம், வேறு யாரும் பொருட்படுத்தாத ஆயிரக்கணக்கான சுடுமண் பாவைகளை வகைப்படுத்தித் தொகுத்தவர் அவர். அந்த உழைப்பு இன்றும் பயன்படுகிறது.

8. அம்மா, சுமேரியாவுல 'அமா', அக்காதியில 'உம்மு', பெருவுல 'மாமா'... இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

இதுதான் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. மிக எளிதில் வழுக்கும் இடமும் இதுவே. பல் முளைக்காத குழந்தை முதலில் எழுப்பக்கூடிய ஒலிகள் உதட்டால் பிறப்பவை: ம, ப. அவற்றோடு வாயைத் திறந்தால் வருவது அ. பால் குடிக்கும் வாய் மூடியிருக்கையில் மூக்குவழி வரும் ஒலி ம். குழந்தை தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அருகில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். மொழிக்கு மொழி இது தனித்தனியே நடக்கும். மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் 1960-இல் இதை விளக்கினார்.

சோதித்துப் பார்க்க ஜார்ஜிய மொழி போதும்: அங்கே 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. நம் மொழியில் மாமா யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒலி ஒன்று, உறவு வேறு. எனவே அம்மன், அனத்தோலியாவின் 'மா' என்ற தெய்வம், ஆண்டிஸ் மலையின் பச்சமாமா ஆகியோரைப் பெயரால் மட்டும் இணைக்க முடியாது.

9. அப்போ பெயரை வச்சு எதையுமே நிரூபிக்க முடியாதா?

முடியும். ஒலி ஒத்திருப்பது போதாது. ஒழுங்காக மாறியிருக்க வேண்டும். வேதத்தின் உஷஸ், கிரேக்கத்தின் ஈயோஸ், லத்தீனின் அவ்ரோரா மூவரும் விடியலின் தெய்வங்கள். காதுக்கு மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை. ஆனால் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் ஸ, லத்தீனில் ர ஆகும், கிரேக்கத்தில் மறைந்துபோகும். இந்த விதி நூற்றுக்கணக்கான வேறு சொற்களிலும் தவறாமல் நடக்கிறது. ஆகவே மூவரும் ஒரே மூதாதைச் சொல்லின் வாரிசுகள். பொதுத் தோற்றம் என்பதற்கு ஐயமற்ற எடுத்துக்காட்டு இதுதான். அவர்கள் தாய்த்தெய்வங்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பூமிக்கும் ஓரளவு இப்படிச் சொல்லலாம். ரிக்வேதம் வானத்தைத் தந்தை என்றும் பூமியைத் தாய் என்றும் சேர்த்தே அழைக்கிறது. லித்துவேனியாவில் ஜெமினா, லாத்வியாவில் 'ஜெமெஸ் மாதே', அதாவது நிலத்தாய். இவை இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரு மொழிக்குடும்பத்துக்குள் வந்த மரபு. அந்தக் குடும்பத்தின் வேலிக்கு வெளியே, சுமேரியத்துக்கோ தமிழுக்கோ, இதை அப்படியே நீட்ட முடியாது.

10. ஒரு தெய்வம் நிஜமாவே நாடு விட்டு நாடு போனதுக்கு எழுதி வச்ச சாட்சி இருக்கா?

இருக்கிறது. ஃபிரிஜியாவில், அதாவது இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், பாறை முகப்புகளில் 'மாதர்' என்று எழுதி வணங்கினார்கள். சில இடங்களில் 'மாதர் குபிலேயா'. கிரேக்கர் அவளைச் சிபேலே என்றார்கள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் போர் நடந்த காலம், கி.மு. 204-இல், ரோமர்கள் சிபில் ஏடுகள் என்ற குறிநூல்களைப் பார்த்து, பெர்கமம் மன்னர் அட்டாலஸின் உதவியோடு அவளுடைய உருவாகக் கருதப்பட்ட கறுப்புக் கல்லைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். ஒஸ்தியா துறையில் வரவேற்பு நடந்தது. ரோமின் பலட்டைன் குன்றில் அவளுக்கென்று எழுப்பிய கோயில் கி.மு. 191-இல் திறக்கப்பட்டது.

ஒரு தெய்வம் இடம்பெயர்ந்தால் இப்படித் தடம் கிடைக்கும்: பெயர், ஆண்டு, வழி, கொண்டுவந்தவர், வந்த பிறகு ஏற்பட்ட சிக்கல். ரோமில் அவளுடைய பூசாரிகள் தம்மைத் தாமே விதையறுத்துக்கொள்பவர்கள். அதனால் ரோமக் குடிமக்கள் அந்தப் பூசாரிப் பணியில் சேரத் தடை இருந்தது. தெய்வத்தை ஏற்றார்கள், முறையை வேலிக்குள் வைத்தார்கள்.

11. இஷ்தாரும் சிங்கத்து மேல, துர்க்கையும் சிங்கத்து மேல. இது தற்செயலா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. நடுவில் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் நனாயா. ஊருக் நகரத்தில் இனன்னாவுக்கு அருகே வழிபடப்பட்டவள்; கி.மு. மூன்றாம் ஆயிரத்தின் கடைசியிலேயே எழுத்தில் வருகிறாள். அவளுடைய சிலை இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருந்த ஏலாமுக்குக் கவர்ந்து செல்லப்பட்டது என்றும், 1,635 ஆண்டுக்குப் பின் தான் மீட்டு ஊருக் நகரத்துக்கே கொண்டுவந்ததாகவும் அசீரிய மன்னன் அஷூர்பானிபால் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தான். கணக்கு மிகையாக இருக்கலாம். கிழக்கே போனது மிகையில்லை. ஏலாமின் நகரமான சூசாவில் கிரேக்கர் காலத்திலும் அவளுக்குக் கோயில் இருந்தது.

பிறகு பாக்திரியா, அதாவது இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கும் அதை ஒட்டிய பகுதியும். சபத்பிஸேஸ் என்ற சிற்றரசனின் வெள்ளிக்காசில் ஒரு சிங்கம், அருகே நனாயா என்ற பெயர். அடுத்து பாக்திரியாவிலிருந்து வட இந்தியா வரை ஆண்ட குஷாணர்: அவர்களின் மன்னர் கனிஷ்கர் காசுகளில் 'நனா' வருகிறாள். ஆப்கானிஸ்தானின் ரபாதக்கில் 1993-இல் கிடைத்த கல்வெட்டில், தனக்கு அரசுரிமை நனாவிடமிருந்தும் எல்லாத் தெய்வங்களிடமிருந்தும் வந்தது என்கிறார் கனிஷ்கர். கனிஷ்கருக்குப் பின் ஆண்ட ஹுவிஷ்கர் காசில் அவள் சிங்கத்தின்மேல் அமர்ந்திருக்கிறாள். அதே ஹுவிஷ்கரின் அரிய காசுகளில், சிவனை ஒத்த ஓயேஷோவின் அருகே ஒன்றில் நனாவும் இன்னொன்றில் 'ஒம்மோ' என்ற பெயரில் உமையும் நிற்கிறார்கள். பெயர், படிமம், வழி, காலம் நான்கும் அறுபடாமல் வருகின்றன. சிங்க ஊர்தி இந்தியத் தேவிக்கு இந்த வழியில் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று சொல்லும் துணிவு இதனால்தான்.

ஆனால் வந்தது சிங்கம். எருமையை அழித்த கதை நனாவிடம் கிடையாது. குஷாணர் கால மதுராவில் எருமையோடு போரிடும் தேவிப் படிமங்கள் பலவற்றில் சிங்கமே இல்லை. வேட்டுவ வரியில் அவள் 'கானத்து எருமைக் கருந்தலைமேல்' நிற்பவள், ஊர்தி கலைமான். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் அவளுக்குப் பின்னே மானும் சிங்கமும் இரண்டுமே செதுக்கப்பட்டுள்ளன. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு மரபுகள் ஒரே கல்லில் சந்திப்பதைக் காண வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள். கடன் ஒருவழிப் பாதையும் இல்லை. பின்னாளில் சோக்தியானாவின் (இன்றைய உஸ்பெகிஸ்தான், தாஜிகிஸ்தான் பகுதி) பஞ்சகெந்து ஓவியங்களில் நனாவுக்கு நான்கு கைகள் வந்துவிட்டன. அது இந்தியாவிலிருந்து போனது.

12. பலூசிஸ்தான் ஹிங்குலாஜ் கோயிலை அங்குள்ள முஸ்லிம்கள் 'நானி மந்திர்'னு சொல்றாங்க. அந்த நானி, நனாதானே?

இருக்கலாம் என்று எழுதியவர்கள் உண்டு. நிலவியல் வழியில் பொருந்துகிறது. ஆனால் 'நானி' என்றால் அப்பகுதி மொழிகளில் தாய்வழிப் பாட்டி. மதிப்போடு அழைக்க அந்தச் சொல்லே போதும். குஷாணர் காசு தேவையில்லை. 8-ஆம் பதிலில் சொன்ன வழுக்கல் இங்கும் உண்டு. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அந்தக் கோயிலில் நனா பெயர் பொறித்த ஒரு கல்லோ காசோ கிடைத்தால் நிலைமை மாறும்.

13. சிந்துவெளியில தாய்த்தெய்வம் இருந்தது உறுதிதானே? பாடப்புத்தகத்துலயே இருக்கே?

பாடப்புத்தகத்துக்கு வந்தது தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1931-இல் எழுதிய விளக்கம். விசிறி போன்ற தலையணி, கழுத்து நிறைய மணிகள், குட்டைப் பாவாடை அணிந்த சுடுமண் பெண்ணுருவங்களை அவர் தாய்த்தெய்வம் என்றார். சிலவற்றின் தலையின் இருபுறமும் கிண்ணம் போன்ற அமைப்பில் கரிப்படிவு உண்டு. விளக்கோ புகையோ ஏற்றியிருக்கலாம். இது வழிபாட்டுக்குச் சாதகமான குறிப்பு.

பாதகமானவை: பெரும்பாலானவை உடைந்து கழிவோடு கிடைத்தன, குழந்தையோடு இருப்பவை குறைவு, ஆண் உருவங்களும் உண்டு, ஹரப்பா, மொகஞ்சதாரோவில் ஏராளமாகக் கிடைக்கும் இவை லோத்தல், காலிபங்கன் போன்ற ஊர்களில் மிக அரிது. நாகரிகம் முழுமைக்கும் ஒரே தாய் என்றால் இந்த ஏற்றத்தாழ்வு ஏன் என்று விளக்க வேண்டும். அரசமர உருவத்தின் கீழே ஏழு பேர் வரிசையாக நிற்கும் மொகஞ்சதாரோ முத்திரையைச் சப்தமாதர் என்பாரும் உண்டு. அங்கே ஒத்துப்போவது ஏழு என்ற எண்ணிக்கை மட்டுமே. சப்தமாதர் சிற்பங்கள் அதற்கு ஈராயிரம் ஆண்டுக்குப் பிந்தியவை.

14. மத்தியப் பிரதேசத்துல 10,000 வருஷத்து அம்மன் கல்லு இருக்காமே? அதை இன்னும் கும்பிடுறாங்களாமே?

சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சீதி மாவட்டத்தின் பாகோர். ஜி. ஆர். சர்மா, டெஸ்மண்ட் கிளார்க் குழுவினர் தோண்டியபோது, கி.மு. 9000-8000 அளவிலான அடுக்கில், மணற்கல் துண்டுகளால் ஆன ஏறத்தாழ 85 செ.மீ. வட்ட மேடையும், அதோடு ஒரு கல்லின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. ஒட்டிப் பார்த்தால் இயற்கையாகவே ஒன்றுக்குள் ஒன்றாக முக்கோண வரிகள் கொண்ட, 15 செ.மீ. உயரக் கல். அதே பகுதியில் கோல், பைகா மக்கள் இன்றும் இத்தகைய முக்கோண வரிக் கற்களை மேடையில் வைத்து 'மாயி' என்று வணங்குகிறார்கள்.

3-ஆம் பதிலில் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கு இங்கே விடை உண்டு: மேடை, தேர்ந்தெடுத்த கல், சரியான மண்ணடுக்கு. இதனால் இது மற்ற பலவற்றைவிட வலுவான சான்று. ஆனால் ஒரே ஓர் இடம். நடுவில் பத்தாயிரம் ஆண்டு வெற்றிடம். 1983-இல் கண்டுபிடிப்பை வெளியிட்டபோது அவர்களே கட்டுரைத் தலைப்பைக் கேள்விக்குறியோடுதான் முடித்தார்கள். இடைக்கால அடுக்குகளில் இதே வகைக் கற்கள் மேடையோடு கிடைக்கின்றனவா என்று அந்தப் பள்ளத்தாக்கில் தேடுவதுதான் அடுத்த வேலை. கிடைத்தால், நெடுங்காலத் தொடர்ச்சிக்கு இதைவிடப் பெரிய சான்று உலகில் இருக்காது.

15. மடியில குழந்தையோட மேரி மாதா, அப்படியே ஐசிஸ் தேவி சிலைதானே?

தன் மகன் ஹோரஸுக்குப் பால் கொடுக்கும் எகிப்தியத் தேவி ஐசிஸின் படிமம் ரோமப் பேரரசு முழுதும் பரவியிருந்தது. ஃபிலே தீவில் அவளுடைய கோயில் கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில்தான் மூடப்பட்டது. மேரியைத் 'தெய்வத்தைப் பெற்றவள்' என்று எபேசு சங்கம் என்ற கிறித்தவ ஆயர் பேரவை ஏற்றது 431-இல். எகிப்தியக் கிறித்தவ மடங்களில் பால் கொடுக்கும் மேரி ஓவியங்கள் அதற்குப் பிந்தையவை. ஒரே நாட்டில், அடுத்தடுத்த காலத்தில் வருவதால் ஓவியர் பழைய அமைப்பைக் கையாண்டிருக்க இடமுண்டு. ஆனால் குழந்தைக்குப் பால் கொடுப்பதை வேறெப்படித்தான் வரைவது? அமர்ந்த தாயும் மடியில் குழந்தையும் எந்தத் தொடர்பும் இல்லாமலே தோன்றக்கூடிய அமைப்பு. படத்தின் சட்டகம் கைமாறியது என்றாலும் ஐசிஸின் கதை மேரிக்கு வரவில்லை.

16. கடல் கடந்த அமெரிக்காவிலும் பூமித்தாய் இருக்காளே? அங்கே யார் கொண்டுபோனது?

யாரும் இல்லை. அமெரிக்காவுக்கு மக்கள் போய்ச் சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டு ஆகிறது. அப்போது உலகில் எங்கும் உழவு இல்லை. மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் அங்கேயே தனியாகப் பயிரானவை. விளைநிலத் தாயாகிய பச்சமாமாவுக்கு ஆகஸ்ட் முதல் நாளில் கோகா இலையும் மக்காச்சோள மதுவும் மண்ணில் இடும் வழக்கம், உழவைச் சார்ந்த நம்பிக்கை. எனவே அங்கேயே தோன்றியது. மெக்சிகோ நகரில் 1790-இல் தோண்டியெடுத்த ஆஸ்டெக் தெய்வம் கோவாட்லிக்குவேயின் சிலையைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு: பாம்புப் பாவாடை, மண்டையோட்டுப் பதக்கம், கைகளும் இதயங்களும் கோத்த மாலை. தாய்தான், ஆனால் வில்லென்டார்ஃப் பெண்ணோடு எந்த ஒட்டும் இல்லை.

அதற்கும் முன்பே, ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியபோதே எடுத்து வந்த நம்பிக்கை என்றால்? அந்தக் காலத்துப் பெண்ணுருவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சோதிக்கவே முடியாத கருத்து. மனித ஆழ்மனத்தில் ஒரு தாய் வடிவம் உறைகிறது என்ற உளவியலாளர் யுங்கின் விளக்கமும் இதே நிலையில்தான் இருக்கிறது. அது உளவியல் பேச்சு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

17. நானே ஒரு ஒற்றுமையைக் கண்டுபிடிச்சா, அது தேறுமான்னு எப்படிப் பார்க்கிறது?

முதலில் இரண்டின் காலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பலருடைய கருத்து இந்தப் படியிலேயே விழுந்துவிடும். அடுத்து, உடம்பு தரும் ஒற்றுமைகளைத் தள்ளுங்கள்: மார்பு, வயிறு, மடிக்குழந்தை. இவை எங்கும் வரும். மீதி இருப்பவற்றில், தேவையில்லாமல் அமைந்த விவரங்களைத் தேடுங்கள். பிறைக்கு எதிரே சூரியனை ஏந்திய கை, குறிப்பிட்ட விலங்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை. ஒன்று ஒத்தால் தற்செயல் எனலாம். மூன்று நான்கு சேர்ந்தே ஒத்தால் நின்று கவனிக்க வேண்டும்.

பிறகு வரைபடத்தில் வழியைக் குறியுங்கள். நடுவில் உள்ள ஊர்களிலும் நடுவில் உள்ள நூற்றாண்டுகளிலும் அதே உருவம் கிடைக்கிறதா? நனாவுக்கு ஊருக், சூசா, பாக்திரியா என்று படிக்கட்டு உண்டு. கடைசியாக, பொருந்தாதவற்றையும் எண்ணுங்கள். சிங்கத்தோடு வரும் தேவியர் பத்துப் பேரைச் சேர்த்தால், அதே நாடுகளில் சிங்கம் இல்லாத தேவியர் எத்தனை பேர் என்றும் பட்டியலிடுங்கள். இந்த இரண்டாவது பட்டியலைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை.

18. அருங்காட்சியகத்துல 'தாய்த்தெய்வம்'னு பலகை வச்சிருந்தா நம்பலாமா?

அதை வைப்பு முறையின் பெயராக எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு அகன்ற சுடுமண் பெண்ணுருவம் எதுவானாலும் அந்தத் தலைப்பில் பதிவது நெடுநாள் வழக்கம். பலகையில் கிடைத்த ஊர், அடுக்கு, ஆண்டு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'வாங்கியது' அல்லது 'நன்கொடை' என்று மட்டும் இருந்தால் அது தோண்டிய இடம் தெரியாத பொருள். வழிபாடு பற்றி அதைக்கொண்டு எதுவும் சொல்ல இயலாது. கழுத்திலும் கையிலும் நிறம் மாறும் கோடு தெரிந்தால் அந்தப் பகுதி பிற்காலத்தில் ஒட்டியதாக இருக்கலாம். முடிந்தால் கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் நின்று முதுகையும் பாருங்கள். முதுகு தட்டையாக இருந்தால் சுவரில் சாய்த்தோ படுக்கவைத்தோ பயன்படுத்தியிருக்கலாம், அடியில் துளை இருந்தால் குச்சியில் செருகியிருக்கலாம்.